பொய் என்று எழுதிய வரி

என் குரலுக்கு ஒரு ஊரே பழகியிருந்தது. நான் ரேஷன் கடை விற்பனையாளர். குடியிருப்பது திண்டிவனத்தில், கடை இருப்பது விழுப்புரம் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். நானூற்றுச் சொச்சம் கார்டு. அத்தனை வீட்டையும் சேர்த்து செல்போனில் ஒரு குரூப் வைத்திருந்தேன். சரக்கு வந்தால் அதில் வாய்ஸ் போடுவேன். ஆரம்பத்தில் எழுதித்தான் போட்டேன். ‘துவரம் பருப்பு இருப்பு உள்ளது’ என்று சுத்தமாகத் தட்டிப் போட்டால், மறுநாள் கடை வாசலில் வந்து நின்று “பருப்பு வந்துச்சா சார்?” என்று கேட்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பாதி, தெரிந்தும் படிக்காதவர்கள் மீதி. தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அதனால் வாய்ஸுக்கு மாறினேன்.

“பாமாயில் வந்துக்குது. ரெண்டு நாள்தான் குடுப்பேன். மூணாவது நாள் வந்து மாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னு கதை சொன்னீங்கன்னா கேக்க மாட்டேன். வரும்போது கைய கழுவிக்கினு வாங்க. மண்ணுக் கையோட வச்சா மெஷினு ரேகைய எடுக்க மாட்டேன்னுது.”

இப்படித்தான் இருக்கும் என் அறிவிப்பு. திட்டுவது எனக்குக் கைவந்த கலை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கிற கொல்லையில் ஒரு பெண் போனைச் சத்தமாக வைத்துப் போட, மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் சிரிப்பார்களாம். “இன்னிக்கி சாரு செம்ம காரம்” என்று என்னிடமே சொல்வார்கள். அரசாங்கக் கடை குரூப் என்பதால் அதில் வருவதெல்லாம் அரசாங்கமே சொன்ன மாதிரி. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்வானேன்.

இன்னொரு பெருமையும் உண்டு. போனில் வரும் புரளிகளைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்மலையனூர் அமாவாசை நெருங்கினால் அம்மன் படம் ஒன்று வரும். பதினொரு பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நல்ல செய்தி, அனுப்பாமல் அழித்தால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று போட்டிருக்கும். அரிசியில் பிளாஸ்டிக் என்று ஒரு வீடியோ வரும். அதனால் என் வியாபாரமே பேஜாராகிவிட்டது. செறிவூட்டிய அரிசியை ஆளாளுக்குத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் கொட்டினார்கள். வந்த சேதியில் தேதி இருக்காது, யார் சொன்னார்கள் என்பது இருக்காது, ‘உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ என்பது மட்டும் தவறாமல் இருக்கும். இதைப் பார்த்தாலே எனக்கு மூக்கு வேர்த்துவிடும். அதைத் தேடிப் பிடித்து, பொய் என்று நிரூபித்து, நாலு பேருக்குச் சொல்லித் திட்டினால்தான் சோறு இறங்கும்.

என் மனைவி ஒரு தடவை சொன்னாள். “பொய்னா அழிச்சிட்டுப் போவ வேண்டியதுதான? அதையே திருப்பி எல்லாருக்கும் போட்டு, பொய் பொய்னு ஏன் கத்தறீங்க? வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு.”

எதைப் பொய் என்கிறேன் என்று தெரியாவிட்டால் ஜனங்கள் எப்படி எச்சரிக்கையாக இருப்பார்கள் என்று நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே கேப்பை மாவு சலித்தாள்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் முடி வாங்குகிறவர் குடியிருந்தார். பெண்கள் தலை சீவும்போது சீப்பில் வருகிற சிக்கு முடியை ஊர் ஊராகப் போய் வாங்குவது அவர் தொழில். பழைய மொபட்டில் பின்னால் ஒரு சாக்கு மூட்டை, முன்னால் ஒரு பை. பையில் ஹேர்பின், ஊக்கு, பிளாஸ்டிக் டப்பா. சின்னப் பெண்கள்தான் சந்து பொந்தில் செருகி வைத்த முடியைத் தேடி எடுத்து வருவார்கள் என்பதால் அவர்களுக்கென்று சாக்லேட். தெருமுனையில் நின்று “தலமுடி... சிக்கு முடி...” என்று இழுத்துக் கூவுவார். என்னை விடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணா என்பார், என் மனைவியை அண்ணி என்பார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து தயிருக்கு உறை மோர் வாங்கிப் போவாள். சண்டை சச்சரவு இல்லாத மனிதர். என்னிடம் எட்டு வருஷம் ஒட்டுச் சுவரில் குடியிருந்து ஒரு வாக்குவாதம் கூடச் செய்யாதவர் என்றால் அவர் பொறுமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த மனிதரை நான் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மாசி மாதம் ஒரு வாய்ஸ் சுற்ற ஆரம்பித்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவாள். பின்னால் யாரோ குழந்தை வீறிடும். “அக்கா, அண்ணா, யாரும் புள்ளைங்கள வெளிய வுடாதீங்க. மூட்டையோட வண்டில வர்றானுங்க. சாக்லேட்டு குடுத்து மயக்கித் தூக்கிக்கினு போறானுங்க. எங்க பக்கத்துத் தெருவுல ரெண்டு புள்ளைங்கள காணோம். டிவில சொல்ல மாட்டானுங்க, போலீசு மறைக்கிறாங்க. இத கேக்கற ஒவ்வொருத்தரும் பத்து பேருக்கு அனுப்புங்க. அனுப்பாதவங்க வூட்டுப் புள்ளைக்கு ஏதாவது ஆனா என்னைக் கேக்காதீங்க.”

முதலில் அது வந்தபோது ‘மேல்மலையனூர் பக்கம் நடந்தது’ என்ற குறிப்போடு வந்தது. ஒரு வாரம் கழித்து அதே அழுகை, அதே வீறிடல், ‘கண்டமங்கலம் பக்கம்’ என்று வந்தது. பிறகு திருவாமாத்தூர். பொய் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் என் மனைவியிடம் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, துப்பறிந்துவிட்ட மிதப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மூன்றாவது முறை கேட்டதும், பொய் என்று தெரிந்தும் எழுந்து போய் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று பார்த்தேன். அந்தக் குரலில் அப்படி ஒரு வேலைப்பாடு இருந்தது.

ஊர்களின் முகம் மாறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துச் சிரித்தால் தாய் பிள்ளையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். என் கடைக்குப் போகும் வழியில், புளியமரத்தடி நிறுத்தத்தில், நாலைந்து இளைஞர்கள் பட்டப்பகலில் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வழிவிட்டு வணக்கம் வைத்தார்கள். “இன்னாடா தடி?” என்றேன். “சும்மா சார், உஷாரா இருக்கறோம்” என்றார்கள். முருங்கைக்கீரை விற்கிற பெண் அந்த வாரம் வரவே இல்லை.

முடி வாங்குகிறவர் ஒரு நாள் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார். மொபட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணா, ஒரு ஊர்ல ஆதார் கார்ட காட்டுன்னாங்க. காட்டுனேன். போட்டோ எடுத்துக்கினு வுட்டாங்க. மனசே சரியில்லண்ணா. ரெண்டு வாரம் சும்மா இருந்துடலாமான்னு பாக்கறேன்.”

அவரைச் சும்மா இருக்க விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நாளைக்கு என் கடை இருக்கற ஊருக்குப் போங்க. எனக்கு விழுப்புரத்துல மீட்டிங், கடை லீவு. பொம்பளைங்க க்யூல நிக்காம வீட்லயே இருப்பாங்க, உங்களுக்கு நல்லது. அங்க உங்கள எவன் கேப்பான்? கேட்டா என் பேரச் சொல்லுங்க. ரேஷன் கடைக்காரரு பக்கத்து வீடுன்னு சொல்லுங்க, டீ வாங்கிக் குடுத்து அனுப்புவானுங்க.”

அவர் முகம் தெளிந்தது. “நீங்க சொன்னா சரிண்ணா” என்றார்.

மறுநாள் நான் விழுப்புரம் பஸ் ஏறினேன். மாதாந்திர ஆய்வுக் கூட்டம். எல்லாக் கடைக்காரர்களும் ஒரு ஹாலில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கிற போட்டியில். அதிகாரி இருப்பு வித்தியாசம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் போன் தொடையில் அதிர்ந்தது. என் கடை இருக்கிற ஊரில் டீக்கடை வைத்திருக்கிறவர் அந்த அழுகை வாய்ஸை எனக்கு அனுப்பி, கீழே ஒரு வாய்ஸ் போட்டிருந்தார். காதில் வைத்துக் கேட்டேன். “சார், இது நம்ம பக்கம்தானாம். நெசமா சார்?”

இந்த முறை குறிப்பில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரின் பெயரே இருந்தது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. என் ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்களா? உடனே குரூப்பில் அதைக் கிழித்துப் போட வேண்டும். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து வாய்ஸ் பேச முடியாது. எழுந்து வெளியே போகவும் முடியாது. முன் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, எது பொய் என்று தெரியட்டும் என்பதற்காக அந்த அழுகை வாய்ஸை முதலில் குரூப்பில் போட்டேன். அதற்குக் கீழே எழுதினேன்: ‘மேற்கண்ட குரல் பதிவு முற்றிலும் பொய்யானது. இதனை நம்பவோ, பிறருக்குப் பகிரவோ வேண்டாம்.’

“முன்னாடி வரிசை... போனை உள்ள வைங்க” என்றார் அதிகாரி. வைத்துவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் இருப்பு வித்தியாசத்தைக் கவனித்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பிட விட்டார்கள். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். குரூப்பில் வரிசையாகக் கும்பிட்ட கைகள். கட்டை விரல்கள். ‘நன்றி சார்.’ எனக்குக் குளிர்ந்துவிட்டது. இன்னும் கீழே போனேன். ஒரு பெண்ணின் வாய்ஸ் இருந்தது. போட்டேன்.

“எல்லாரும் கேட்டீங்களா? சாரே போட்டுட்டாரு. இதுவரைக்கும் நம்பாதவங்களாம் இப்பவாவது நம்புங்க. புள்ளைங்கள ஜல்தியா வூட்டுக்குள்ள போட்டு பூட்டுங்க.”

அடுத்ததையும் போட்டேன். அடுத்ததையும். ஒருவர் கூட நான் எழுதியதைப் படித்திருக்கவில்லை. கடை குரூப்பில் எது காதில் விழுமோ அதுதான் அறிவிப்பு. அப்படி அவர்களைப் பழக்கியவன் நான். வாய்ஸை மட்டும் எடுத்து மகளிர் குழுவுக்கும் இளைஞர் குரூப்புக்கும் அனுப்பியிருந்தார்கள். என் வரி அங்கெல்லாம் போகவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது, முடி வாங்குகிறவரை இன்றைக்கு நான்தான் அங்கே அனுப்பியிருக்கிறேன். மூட்டையோடு. வண்டியில். சாக்லேட்டோடு.

புளிசாதம் அங்கேயே கிடந்தது. அவர் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. குரூப்பில் போட்ட அழுகை வாய்ஸை அழித்தேன். வராந்தாவில் நின்று கத்தி வாய்ஸ் போட்டேன்: “அது பொய்! பொய்னு சொல்லத்தான் போட்டேன்! முடி வாங்கறவரு வந்தா ஒண்ணும் பண்ணாதீங்க, அவரு என் பக்கத்து வீடு!” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாய்ஸை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு பதில் வந்தது, ஓர் இளைஞனிடமிருந்து. “சாரு மொத போட்டத அழிச்சிட்டாரு பாருங்க. மேலிடத்துல மிரட்டியிருப்பாங்க. அதான் மாத்திப் பேசறாரு.”

டீக்கடைக்காரருக்கு அடித்தேன். எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் பெரிய சந்தைச் சத்தம்.

“சார்! மாட்னான் சார்!”

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கும் கேட்டிருக்காது. போலீஸுக்கு, நூறுக்கு அடித்து ஊரையும் இடத்தையும் சொன்னேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற கடைக்காரர் ஒருவரின் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

விழுப்புரத்திலிருந்து அந்த ஊர் அரை மணி நேரம். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த அரை மணியும் அவர் சாகக் கூடாது, சாகக் கூடாது என்பதையே சொல்லிக்கொண்டு போனேன். இடையிடையே, என்னைப் பற்றியும் யோசித்தேன். நான் எழுதிய வரி இன்னும் குரூப்பில் இருக்கிறதா, அதையும் சேர்த்து அழித்துவிட்டேனா என்று வண்டியை ஓரம் நிறுத்திப் பார்த்தேன். இருந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன். அங்கே ஒரு மனிதர் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தேன்.

புளியமரத்தடியில் யாரும் இல்லை. தெருவில் யாரும் இல்லை. பூட்டிய வீடுகளின் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிள்ளைகளின் முகங்கள் மட்டும் தெரிந்தன. கூட்டம் முழுவதும் என் கடை வாசலில் இருந்தது.

கடையின் இரும்புக் கிரில் கேட்டில் அவரைக் கட்டியிருந்தார்கள். சர்க்கரை மூட்டை தைக்கிற சணலை எங்கிருந்தோ எடுத்து வந்து கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. தலை மார்பில் தொங்கியது. முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் அவர் எப்போதும் கட்டுகிற பச்சை பெல்ட்டை வைத்துத்தான் அவர் என்று தெரிந்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். ரோடெல்லாம் முடி. கறுப்பும் நரையுமாகச் சுருண்டு, காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நின்றவர்கள் காலில் சுற்றியது. ஒரு பெண் ஒரு பிடி முடியை அள்ளிக்கொண்டு, மார்பில் அடித்து அழுதாள். “எத்தன பொண்ணுங்களோட முடியோ! மொட்டையடிச்சி இன்னா பண்ணானோ பாவி!”

அந்த முடியில் ஒரு பங்கு காலையில் அதே தெருவில் அவர்களே சீப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் கொண்டையில் அவர் கொடுத்த புதுப் பின் இருந்தது.

“சார் வந்துட்டாரு! வழி வுடுங்க, சார் வந்துட்டாரு!”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து முன்னால் வந்தார். அவர் கண்ணில் இருந்த பெருமையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

“நீங்க சொன்ன மாதிரியே சார். வண்டி, மூட்டை, சாக்லேட்டு, எல்லாம் கரெக்டா இருந்துச்சு. உங்க கடைலயே கட்டி வச்சிட்டோம்.”

“அவுத்து வுடுங்கடா!” என்று கத்தினேன். “அவரு முடி வாங்கறவருடா! உங்களுக்குத் தெரியாது? வருஷா வருஷம் வர்றவருடா!”

“அதான் சார்” என்றான் தடியோடு நின்றவன். “வந்து வந்து நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கான்.”

நானே ஓடிப்போய்ச் சணலை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்தேன். அவர் என் மேல் சரிந்தார். மூச்சு இருந்தது. “பொய்னு போட்டேன்டா! படிக்கலையா? பொய்னு எழுதியிருந்தேனேடா!” போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். பள்ளிக்கூட யூனிபார்மில் நின்ற ஒரு பெண் அதை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். மேற்கண்ட குரல் பதிவு முற்றிலும் பொய்யானது. அவள் நன்றாகப் படிக்கிறவள். தடுமாறாமல், நிறுத்தி, தெளிவாகப் படித்தாள். படித்து முடித்ததும் அழுதுகொண்டிருந்தவள் கையிலிருந்த முடியைக் கீழே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்தாள்.

டீக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். குரல் மாறியிருந்தது.

“எழுதுனா யாரு சார் படிக்கறது? நீங்க எப்பவும் பேசத்தான செய்வீங்க. இன்னிக்கும் பேசியிருக்கணும் சார்.”

அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. ஓடினவர்கள் ஓடினார்கள், ஓடாதவர்கள் மாட்டினார்கள்.

முடி வாங்குகிறவர் பிழைத்தார். அரசு ஆஸ்பத்திரியில் நிறைய நாள் இருந்தார். வலது கையில் இரண்டு விரல் எலும்பு கூடவில்லை. விலா எலும்பு, தாடை, காது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர் வந்து பார்த்தார்கள். நாலு பேர் மேல் வழக்குப் பதிவானது. ஸ்டேஷனில் என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். போனை வாங்கி, நான் எழுதிய வரியைப் படித்துவிட்டு, விசாரித்த அதிகாரி என்னைத் தட்டிக் கொடுத்தார். “நீங்க ஒருத்தர்தான் சார் பொறுப்பா நடந்திருக்கீங்க.” நான் தலையாட்டினேன். அந்த வரிக்கு மேலே இருந்து நான் அழித்தது என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். “நல்ல எண்ணத்துலதான போட்டீங்க” என்று சொல்லி மூடிவிட்டார். ஆபீஸில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் புரளியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பேசினேன். தேதி இருக்கிறதா பாருங்கள், ஊர் பெயர் மாறி மாறி வருகிறதா பாருங்கள், பயமுறுத்திப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள் என்றேன். பொய் என்று சொல்வதற்காகக் கூட அந்தப் பொய்யைத் திருப்பி அனுப்பாதீர்கள், உங்கள் வார்த்தை வழியில் விழுந்துவிடும், பொய் மட்டும் போய்ச் சேரும் என்றேன். கை தட்டினார்கள். யாருக்கு நடந்தது, யார் செய்தது என்று நான் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் போனேன். பழம் வாங்கிப் போவேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. வலி, பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பழத்தை வைத்துவிட்டு வந்துவிடுவேன். சுவருக்கு இந்தப் பக்கம் என் மனைவி எதுவும் கேட்க மாட்டாள். ஓணான் கதையை அவள் அதற்குப் பிறகு ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு காலை, கடைக்குக் கிளம்புமுன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி வாசலில் கோலம் போட்டு முடித்து, மாவுக் கையோடு எழுந்து நின்றாள். உள்ளே விடாமல் நின்றாள். இனிமேலும் தள்ளிப்போட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த வாய்ஸ் அந்த ஊருக்குப் போனது...”

“தெரியும்ணா” என்றாள்.

நான் சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்தேன்.

“அடிக்கும்போது அவரு கெஞ்சினாராம். ரேஷன் கடைக்காரரு எங்க பக்கத்து வூடு, அவரைக் கேளுங்க, அவரைக் கேளுங்கன்னு. அவருதான்டா உன்னப் பத்திச் சொன்னாருன்னு போன காதுகிட்ட வச்சிப் போட்டுக் காட்டினாங்களாம். அதுக்கப்புறம் அவரு கெஞ்சலையாம். சும்மா நின்னு வாங்கிக்கினாராம்.”

அவள் அழவில்லை. சமையலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“போலீசுல ஏன் சொல்லல?” என்றேன்.

“உங்க வேல பூடும்ல. பொண்ணு இருக்குதுல்ல உங்களுக்கு. அத நாந்தான் சொன்னேன், அவரு சரின்னாரு. ஆனா நீங்களே அங்க அனுப்பிட்டு, நீங்களே புடிக்கச் சொன்னீங்கன்னு அவரு நெனச்சிக்கினு இருக்காரு. அது அப்படி இல்லன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேன்றாரு.”

“நான் சொல்றேன்மா. நானே சொல்றேன்.”

அவள் வழிவிட்டாள்.

“சொல்லுங்க. வலது பக்கமாப் போய்ச் சொல்லுங்க. இடது காது சுத்தமா கேக்கல.”

உள்ளே போனேன். அவர் மல்லாந்து படுத்திருந்தார். வலப் பக்கமாகப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “தம்பி” என்றேன். அவர் மெல்ல, விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு, என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். வலது காதைத் தலையணையில் நன்றாக அழுத்திக்கொண்டார். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன்.